கம்பெனி கைவிட்ட சைக்கிள் ஃபோர்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு தகரக் கூரை அறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சைக்கிள்களின் முன்சக்கரத்தைப் பிடித்துக் குலுக்கலைத் தாங்கும் ஃபோர்க்குகளைக் கழற்றி மாட்டுகிறேன். கடை இல்லை, போர்டு இல்லை. ஆனாலும் கோத்தகிரி, லவ்டேல், வெலிங்டன் என்று எங்கிருந்தாவது யாராவது பழைய எம்.டி.பி., அதாவது மலைப்பாதை சைக்கிள், ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வரும் ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. பதிலை எழுதி வைத்துவிட்டால் டீயைச் சூடாகக் குடிக்கலாம் என்றுதான் இந்தப் பக்கம். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"கம்பெனில கேட்டேன், இந்த மாடலுக்குப் பார்ட்ஸ் வர்றதில்லன்னு சொல்லிட்டாங்க. இனி இது பழைய இரும்புக்குத்தானா?"

அவசரப்பட வேண்டாம். ஃபோர்க் என்பது ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் இரண்டு ஜோடிக் குழாய். எடையைத் தாங்க உள்ளே ஸ்பிரிங்கோ காற்றோ இருக்கும். துள்ளலை அடக்கக் கொஞ்சம் ஆயில், ஒழுகாமல் இருக்க ரப்பர் சீல். முதலில் போவது ரப்பரும் ஆயிலும்தான். இரண்டுமே கம்பெனியின் தனிச்சொத்து இல்லை, அளவு தெரிந்தால் வெளியில் வாங்கிக்கொள்ளலாம். கம்பெனிக்காரர்கள் பார்ட் நம்பரைத் தருவார்கள், அளவைச் சொல்ல மாட்டார்கள். நமக்கு வேண்டியதோ அளவுதான்.

ஃபோர்க் செய்யும் கம்பெனிகள் பழைய மாடலைக் கைவிடுவதும் இந்தத் தொழிலில் புதிதில்லை. ராக்‌ஷாக்ஸ் 2002-ல் ஸ்ராம் கைக்குப் போனது. மார்சோக்கியின் சைக்கிள் பிரிவை 2015-ல் ஃபாக்ஸ் வாங்கியது. கை மாறும்போது பழைய மாடலின் சீல் யாருடைய கவலையும் இல்லாமல் போய்விடும். ரப்பர் போனால் வழி உண்டு. உலோகம் போனால் பெரும்பாலும் இல்லை. கீழே வரும் பதில்கள் முக்கால்வாசி இதைச் சுற்றித்தான்.

"ஸ்டிக்கர் எல்லாம் உரிஞ்சுபோச்சு. என்ன மாடல்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

மாடல் பெயர் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் வேலை நடக்கும். வெர்னியர் என்னும் அளவுகருவி ஒன்று வாங்குங்கள். உள்ளே போய் வரும் பளபளப்பான குழாயின் வெளிவிட்டத்தைச் சீலுக்குச் சற்று மேலே அளந்து பாருங்கள். 28, 30, 32 என்று ஏதாவது ஒன்று வரும். 28-ம் 28.6-ம் ஒன்றல்ல, புள்ளிக்குப் பின்னால் இருப்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் மேல் மூடியைப் பாருங்கள். டியூப் வால்வு மாதிரி இருந்தால் காற்று ஃபோர்க். கூட்டல், கழித்தல் குறி போட்ட திருகு இருந்தால் ஸ்பிரிங். இடது காலின் அடியிலும் ஒரு வால்வு இருந்தால் இரட்டைக் காற்றறை, அதற்குத் தனிக் கேள்வியே கீழே வருகிறது.

நான் ஒரு தடவை வருஷத்தை மட்டும் நம்பி, அளக்காமல், வெளிநாட்டிலிருந்து சீல் வரவழைத்தேன். வந்தது 32. பைப் 30. அந்த சீல் இன்னும் மேசை டிராயரில் புதுசாகவே இருக்கிறது.

"சர்வீஸ்னா என்ன? வெளியில ஸ்ப்ரே அடிச்சுத் துடைச்சா போதாதா?"

போதாது. சில ஸ்ப்ரேக்கள் கெடுதலும் செய்யும். துரு இளக்கும் ஸ்ப்ரேயை, வெளிக்குழாயின் வாயில் தூசி புகாமல் தடுக்கும் டஸ்ட் சீல் மேல் அடித்தால் இரண்டு நாள் வெண்ணெய் மாதிரி வழுக்கும். மூன்றாம் நாள், உள்ளே இருந்த கிரீஸையும் கழுவிக்கொண்டு போயிருக்கும்.

சர்வீஸ் இரண்டு மட்டம். சின்ன சர்வீஸ் என்றால் கீழ்க்கால்களை, அதாவது வெளிக்குழாய்களை, உருவி, உள்ளே சுத்தம் செய்து, டஸ்ட் சீலுக்கு அடியில் இருக்கும் நுரை வளையத்தை ஆயிலில் ஊற வைத்து, புது ஆயில் விட்டு மாட்டுவது. முதல் தடவை அரை நாள் ஆகும், பழகினால் ஒரு மணி நேரம். பெரிய சர்வீஸ் என்றால் துள்ளலை அடக்கும் டேம்பரையும் காற்றறையையும் திறந்து ஓ ரிங் என்னும் ரப்பர் வளையம், சீல் இரண்டையும் மாற்றுவது. வருகிற ஃபோர்க்குகளில் பாதிக்கு மேல் சின்ன சர்வீஸிலேயே உயிர் வந்துவிடுகிறது. "செத்துப்போச்சு" என்று கொண்டுவந்தவற்றில் பல, வாங்கிய நாள் முதல் ஒரு முறைகூடத் திறக்காதவை.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை செய்யணும்?"

சின்ன சர்வீஸுக்கு 50 மணி நேர ஓட்டம் என்பது பொதுவான கணக்கு. அது காய்ந்த மண்ணில் ஓட்டுபவர்களுக்கு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர்ப் பக்கமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் ஓட்டுகிறவர்கள் பாதியாக்கிக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டத்துச் செம்மண் சேறு மாவு மாதிரி நைசானது, சீலின் உதட்டுக்கு அடியில் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். காய்ந்ததும் எமரி பேப்பர்தான்.

"என்னென்ன சாமான் வேணும்? நிறையச் செலவாகுமா?"

ஆலன் கீ செட், நல்ல பொருத்தமான ஸ்பேனர், ரப்பர் சுத்தி, வெர்னியர். பழைய சீலைப் பெயர்க்க அகலமான டயர் லீவர் அல்லது முனை மழுங்கிய ஸ்பேனர். புதுச் சீலை அழுத்த, அதன் வெளி விளிம்பில் சரியாக உட்காரும் பி.வி.சி. குழாய்த் துண்டு, பிளம்பிங் கடையில் கேட்டால் மிச்சத் துண்டைச் சும்மாவே தருவார்கள். ஆயில் அளக்க மருந்துக்கடை சிரிஞ்சு, 10 மில்லி ஒன்று, 20 மில்லி ஒன்று. காற்று ஃபோர்க் என்றால் ஷாக் பம்ப் தனியாக வாங்கியே ஆகவேண்டும். டயர் பம்பில் ஏற்றினால் நாலு அடியில் எங்கேயோ போய் நிற்கும், நிதானமாகக் கூட்டிக் குறைக்கவும் முடியாது.

"அடியில இருக்கிற போல்ட்டு சுத்திக்கிட்டே இருக்கு, கழல மாட்டேங்குது. மரை போச்சா?"

பெரும்பாலும் மரை போகவில்லை. போல்ட்டோடு சேர்ந்து உள்ளே இருக்கும் தண்டும் சுற்றுகிறது, அவ்வளவுதான். சைக்கிளின் முன்பாரத்தை ஒருவர் அழுத்திப் பிடிக்கட்டும். ஸ்பிரிங் அமுங்கித் தண்டை இறுக்கிப் பிடிக்கும், அந்த நேரத்தில் ஆலன் கீயைச் சட்டென்று ஒரு வெட்டு வெட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால், மெக்கானிக் கடையில் இம்பாக்ட் ரெஞ்ச் இருக்கும், அரை நொடி வேலை.

போல்ட் இளகியதும் முழுதாகக் கழற்றிவிட்டுக் காலை இழுக்காதீர்கள். மூன்று, நான்கு சுற்று மட்டும் வெளியே விட்டு, அதன் தலையில் ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு தட்டுங்கள். உள்ளே இறுக்கமாக உட்கார்ந்திருக்கும் தண்டு அப்போதுதான் விடும். "டொக்" என்ற சத்தம் "டப்" என்று மாறும், கைக்கே தெரியும். பிறகு போல்ட்டை எடுங்கள். கீழே ஒரு தட்டு வைத்திருங்கள், கறுப்புத் தண்ணீர் வரும். திரும்ப மாட்டும்போது வாஷரைப் புதிதாகப் போடுங்கள், ஒரு முறை நசுங்கிய வாஷர் மறுமுறை ஒழுகும். ஒரிஜினல் கிடைக்காவிட்டால் அதே அளவில் செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஆட்டோமொபைல் கடையில் கிடைக்கும். இறுக்கம் பல ஃபோர்க்குகளில் 7 நியூட்டன் மீட்டர் சுற்றித்தான். புல்லட் எஞ்சினை இறுக்குகிற மாதிரி இறுக்கினால் அப்போது நிஜமாகவே மரை போகும்.

"மோட்டார் பைக் ஃபோர்க் ஆயில் போடலாமா? 5-ஆ 10-ஆ?"

போடலாம், தாராளமாக. ஊட்டியிலேயே கிடைக்கும். எஞ்சின் ஆயிலை டேம்பரில் ஊற்றாதீர்கள், நுரைக்கும், தடிமனும் கணக்கில் வராது.

ஆனால் டப்பா மேல் போட்டிருக்கும் 5, 10 என்ற எண்ணை நம்பி மட்டும் வாங்க வேண்டாம். ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளும் எண் அது. உண்மையான தடிமன் அளவு 40 டிகிரி செல்சியஸில் சென்டிஸ்டோக்ஸ் என்ற அலகில் ஆயில் கம்பெனியின் விவரத்தாளில் இருக்கும். 5 என்று எழுதிய ஒரு ஆயில் 15-க்குப் பக்கத்தில் இருக்கும், அதே 5 எழுதிய இன்னொன்று 25-ஐத் தாண்டும். முந்தைய ஆயில் நன்றாக இருந்ததே, இப்போது ஃபோர்க் ஏன் சோம்பேறி ஆகிவிட்டது என்று கேட்பவர்கள் பிராண்டை மாற்றியிருப்பார்கள். மலைக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. ஜனவரியில் ஊட்டிப் புல்லில் உறைபனி கிடக்கும் காலை நேரத்தில் எந்த ஆயிலும் தடித்துப்போகும். கோயம்புத்தூரில் ஓட்டும் நண்பர் சொன்ன ஆயிலைவிட ஒரு படி மெல்லியதைப் போடுங்கள்.

அளவு: கீழ்க்காலில் விடுவது வெறும் வழுக்கலுக்கு. ஒரு காலுக்கு 5 முதல் 15 மில்லி வரைதான் பெரும்பாலான ஃபோர்க்குகளில். தடித்த 15 எண் ஆயில் இங்கே பொருந்தும். பழைய மார்சோக்கி பாம்பர் மாதிரித் திறந்த குளியல் வகையில் கதை வேறு, காலே ஆயில் தொட்டி. அதில் மில்லியைவிட மட்டம்தான் முக்கியம். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுதாக அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து ஆயில் எத்தனை மி.மீ. கீழே நிற்கிறது என்று அளக்க வேண்டும். கழற்றும்போதே இதை அளந்து சுவரில் எழுதி வையுங்கள். பழைய ஆயில் ஒழுகிப் போயிருந்தால் இரண்டு காலில் எது அதிகமோ அதை எடுத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். மட்டம் ஏறினால் அடி ஆழத்தில் கெட்டியாகும், குறைந்தால் அடிவரை போய் இடிக்கும்.

"கிரீஸ் எது வேணாலும் போடலாமா?"

வீல் பேரிங்குக்குப் போடும் லிதியம் கிரீஸ் வேண்டாம். கனம், நுரை வளையத்தை அடைத்துவிடும். மெல்லிய சஸ்பென்ஷன் கிரீஸ் கிடைத்தால் அது. இல்லாவிட்டால் சிலிகான் கிரீஸ், அதையும் தடவியது தெரியாத அளவுக்கு.

"சீல் எங்க கிடைக்கும்? ஊட்டி, குன்னூர் எல்லாம் கேட்டுட்டேன்."

சைக்கிள் கடையில் கேட்டால் கிடைக்காது. முதலில் ஓ ரிங்கைப் பார்ப்போம். கோயம்புத்தூர் பம்ப், மோட்டார் செய்யும் ஊர். அங்கே ஹைட்ராலிக் சீல் விற்கும் கடைகளில் ஓ ரிங் ஆயிரக்கணக்கில் தொங்கும். நைட்ரைல் ரப்பர், 70 ஷோர் கடினம் என்று கேளுங்கள். தடிமன் அங்குல வரிசையில் 1.78, 2.62, 3.53 என்று வரும், மெட்ரிக்கில் 2, 2.5, 3. இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். பழைய ஓ ரிங்கையே அளந்து வாங்குவார்கள். இருபது வருஷம் நசுங்கிக் கிடந்த ஓ ரிங் வட்டமாகவா இருக்கும்? அது உட்காரும் பள்ளத்தின் அகலம், ஆழம், விட்டம் மூன்றையும் அளந்துகொண்டு போங்கள். கடைக்காரர் மேஜை மேல் பிஸ்டனையே வைத்துவிடுவது இன்னும் உத்தமம். நான் போகும் கடையில் ஒரு பெரியவர் வெர்னியரே தொடாமல் பிஸ்டனை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு டப்பாவைத் திறப்பார். இதுவரை தப்பியதில்லை.

டஸ்ட் சீல் கொஞ்சம் கஷ்டம். உள்விட்டம் உங்கள் பைப்புக்கு, வெளிவிட்டம் காலின் வாய்க்கு, உயரம் மூன்றாவது. எஸ்.கே.எஃப்., எண்டூரோ இரண்டும் பல பழைய ஃபோர்க்குகளுக்குச் சீல் செய்கின்றன. மாடல் பட்டியலில் உங்கள் ஃபோர்க் இல்லாவிட்டாலும் அளவு பொருந்தும் வேறு மாடலின் சீல் போடலாம்.

மோட்டார் பைக் ஆயில் சீல் அளவு ஒத்து வந்தால் போடலாமா என்று அடுத்த கேள்வி வரும். உட்காரும், ஒழுகாது. ஆனால் நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டிக்கான இறுக்கம் அதில் இருக்கிறது. சைக்கிளில் போட்டால் சின்னக் கல்லுக்கெல்லாம் ஃபோர்க் அசையாது, பெரிய குழிக்குத்தான் இறங்கும். திறந்த குளியல் ஃபோர்க்கில் வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

"உள்ள ரப்பர் மாதிரி ஒண்ணு கூழாகிக் கிடக்கு. அது என்னங்க?"

எலாஸ்டோமர். 1990-களில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக நுண்துளை நிறைந்த யூரித்தேன் உருளைகளை அடுக்கி வைத்தார்கள். இன்றைக்கும் விலை குறைந்த ஃபோர்க்குகளில் ஸ்பிரிங்குக்கு உள்ளே ஒரு துண்டு இருக்கும். வயதானால் இறுகி உதிரும், இல்லாவிட்டால் உருகும். கோத்தகிரியில் ஒரு எஸ்டேட் பங்களாவின் சாமான் அறையிலிருந்து மஞ்சள் நிற ராக்‌ஷாக்ஸ் ஜூடி ஒன்று வந்தது. மேல் மூடியைத் திறந்தால் உள்ளே கருப்பட்டிப் பாகு. விரலில் ஒட்டினால் மூன்று நாளைக்குப் போகாது. மரக்குச்சியும் மண்ணெண்ணெயுமாக ஒரு முழு மாலை சுரண்டினேன். அதே ஜூடி இப்போது ஸ்பிரிங்கில் ஓடுகிறது.

ஆமாம், ஸ்பிரிங்தான் நல்ல மாற்று. குழாயின் உள்விட்டத்தைவிட ஒரு மி.மீ. குறைவான வெளிவிட்டம், பழைய அடுக்கின் மொத்த நீளம் இரண்டையும் குறித்துக்கொண்டு ஸ்பிரிங் பட்டறைக்குப் போங்கள். கம்பி கனத்தில் கவனம் வேண்டும். கம்பி பத்து சதவீதம் தடித்தால் ஸ்பிரிங் கிட்டத்தட்ட 46 சதவீதம் கெட்டியாகும், ஏனென்றால் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கு கணக்கில் வருகிறது. 5 மி.மீ. கேட்ட இடத்தில் "5.5 இருக்கு, போட்டுக்கலாம் தம்பி" என்றால் தலையாட்டிவிடாதீர்கள். இன்னொன்று: கெட்டியாக இருக்கிறதே என்று ஸ்பிரிங்கை வெட்டிக் குறைக்கிறார்கள். வெட்டினால் சுற்று குறையும், சுற்று குறைந்தால் இன்னும் கெட்டியாகும்.

கெட்டி பாலியூரித்தேன் கம்பியை வாங்கி நறுக்கிப் போடலாமா என்று ஒருவர் கேட்டார், போட்டும் பார்த்தார். நுண்துளை ரப்பர் அமுங்கினால் தனக்குள்ளேயே சுருங்கும். கெட்டி ரப்பர் பக்கவாட்டில் பிதுங்கிக் குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங்கின் கடைசியில் இடிதாங்கியாக ஒரு சின்னத் துண்டு மட்டும், சுற்றிலும் இடம் விட்டு, வைக்கலாம். வைக்கவும் வேண்டும்.

"மேட்டுப்பாளையத்துல கரெக்டா ஏர் அடிச்சேன். ஊட்டில பார்த்தா குறையுது. லீக்கா?"

லீக்காக இல்லாமலும் இருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 325 மீட்டர் உயரம், மத்தியானம் 35 டிகிரி. 100 பி.எஸ்.ஐ. அடித்தீர்கள். ஊட்டி 2,240 மீட்டர், மறுநாள் காலை 8 டிகிரி. குளிரால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி அழுத்தம் சுமார் 10 பி.எஸ்.ஐ. இறங்கும். மேலே வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால் மீட்டர் ஒரு 3 கூட்டிக் காட்டும். ஆக 93-க்குப் பக்கத்தில் நிற்கும். போதாததற்கு, பம்பை மாட்டும்போது அதன் குழாய் நிரம்பக் கொஞ்சம் காற்று போகும், அதுவும் குறைவாகத்தான் காட்டும். ஓட்டும் இடத்தில், ஓட்டும் நேரத்தில் அடியுங்கள். எண்ணைப் பார்க்காமல், நீங்கள் ஏறி உட்கார்ந்தால் மொத்த இறக்கத்தில் கால் பங்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ அமுங்குகிறதா என்று பாருங்கள்.

இதே காரணத்தால் வேறொரு தொல்லையும் உண்டு. கீழே சமவெளியில் மாட்டிய ஃபோர்க்கின் கீழ்க்கால்களில் சமவெளிக் காற்று அடைபட்டிருக்கும். மலைக்கு வந்ததும் அது விரிந்து ஃபோர்க்கைக் கெட்டியாக்கும். மெல்லிய கேபிள் டை ஒன்றின் முனையை மழுக்கி, கொஞ்சம் கிரீஸ் தடவி, டஸ்ட் சீலுக்கு அடியில் நுழையுங்கள். "புஸ்" என்று ஒரு பெருமூச்சு வரும். எடுத்துவிடுங்கள், முடிந்தது.

"ராத்திரி வச்சுட்டுப் போனேன், காலைல ஃபோர்க் தானா அமுங்கிக் கிடக்கு. தூக்கினாலும் வரல."

ராக்‌ஷாக்ஸின் பழைய சிட், ரேபா போன்ற இரட்டைக் காற்றறை ஃபோர்க்குகளில் இது சகஜம். மேலறைக் காற்று உங்களைத் தாங்கும், கீழறைக் காற்று ஃபோர்க்கைக் கீழே இழுக்கும், இரண்டும் சமனாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. நடுவில் இருக்கும் பிஸ்டனின் ஓ ரிங் தேய்ந்தால் மேலறைக் காற்று கீழறைக்கு நழுவி, கீழறை ஜெயித்துவிடும். அடி வால்வில் பம்பை மாட்டிக் காற்றை மெதுவாக விடுங்கள், எழுந்து நிற்கும். பிறகு மேலேயும் முழுதாக விட்டுவிட்டு, மேலே சொன்னபடி பள்ளத்தை அளந்து ஓ ரிங் மாற்றுங்கள்.

அடி வால்வே இல்லாத ஒற்றை வால்வு வகை இப்படி அமுங்கிக் கிடந்தால் திறக்காதீர்கள். மேலே வால்வு காலியாகக் காட்டினாலும் கீழே காற்று அடைபட்டிருக்கும். இதில் மட்டும் அனுபவசாலியிடம் கொடுங்கள். நான் ஆரம்ப நாளில் மீட்டர் பூஜ்யம் காட்டியது என்று நம்பி மேல் மூடியைத் திருகினேன். மூடி என் காதுக்குப் பக்கத்தில் போனது. கூரைத் தகரத்தில் பள்ளம் இன்னும் இருக்கிறது, வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன்.

"பைப்புல கீறல் இருக்கு, கொஞ்சம் துருவும் இருக்கு. தேச்சா போகுமா?"

முதலில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சீல் வந்து போகாத மேல் பகுதியில் என்றால் விட்டுவிடலாம். வந்து போகும் இடத்தில் ஒற்றைக் கீறல் என்றால், விரல் நகத்தை நெடுக ஓட்டுங்கள். நகம் தட்டுகிறதா? 2000 எண் எமரி பேப்பரை ஆயிலில் நனைத்து விளிம்பை மட்டும் மழுக்கி, பள்ளத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷோ எபாக்சியோ வைத்து, காய்ந்ததும் சமமாகத் தேயுங்கள். சிரிக்க வேண்டாம், பெரிய சர்வீஸ் ஆட்களே செய்வதுதான்.

துரு குரோம் பூசிய இரும்புப் பைப்பில்தான் வரும். மேலோட்டமான துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீர் தொட்டுத் தேய்த்தாலே போதும். புள்ளிப் புள்ளியாக அரித்திருந்தால் அது சீலைக் கேரட் சீவுகிற மாதிரி சீவும். அலுமினியப் பைப்பில் வண்ணப்பூச்சு மாதிரித் தெரிவது பூச்சு இல்லை, உலோகத்தையே கெட்டியாக்கிய மேல்தோல். அது தேய்ந்து வெள்ளையாகிவிட்டால் தேய்ப்பால் திரும்ப வராது. அங்கே நம் கை ஓய்ந்தது.

"முன் பிரேக் பிடிச்சா டக்கு டக்குன்னு ஆடுது. புஷ் போச்சுன்னு மெக்கானிக் அண்ணன் சொல்றார்."

அவர் சொல்வது சரியாக இருக்கலாம், ஹேண்டில் திரும்பும் பேரிங்கான ஹெட்செட்டாகவும் இருக்கலாம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரு விரலை ஹெட்செட் இணைப்பில் வையுங்கள், பிறகு டஸ்ட் சீல் விளிம்பில். எங்கே ஆட்டம் விரலுக்குத் தெரிகிறதோ அங்கே குறை. என்னிடம் "புஷ் போச்சு" என்று வந்தவற்றில் பல, ஹெட்செட்டை இறுக்கியதும் போய்விட்டன.

நிஜமாகவே புஷ் என்றால் யோசிக்க வேண்டும். காலுக்குள் அழுத்திய மெல்லிய உலோகச் சுருள் அது, உட்புறம் டெஃப்லான் பூச்சு. எடுப்பதற்கும் போடுவதற்கும் அந்த ஆழத்துக்குத் தனிக் கருவி வேண்டும், போட்டபின் பைப்புக்குச் சரியாக விரிக்கவும் வேண்டும். லேத் பட்டறையில் பித்தளை புஷ் கடைந்து போட்டவரைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் நன்றாக ஓடியது, பிறகு பைப்பையே தின்றுவிட்டது. அரை மி.மீ.க்கும் குறைந்த ஆட்டம் என்றால் புதுச் சீலும் ஆயிலும் போட்டு, சத்தத்தோடு குடித்தனம் நடத்தலாம். அதற்கு மேல் என்றால் அடுத்த கேள்விக்கு வாங்க.

"எப்ப இதை விட்டுத் தொலைக்கணும்?"

விரிசல் தெரிந்த நிமிஷமே. பைப்புகள் மேலே சேரும் கிரவுன், ஹேண்டிலோடு சேரும் ஸ்டீரர் குழாய் கிரவுனுக்குள் போகும் இடம், பிரேக் கைகளை மாட்டும் வி பிரேக் குமிழ்களின் அடி, சக்கர அச்சு உட்காரும் காது, இந்த நான்கையும் மண்ணெண்ணெயில் துடைத்து, சாய்த்துப் பிடித்த டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பெயிண்டில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தால் அது பெயிண்ட்தானா என்று ஆராய்ச்சி செய்யும் வேலையை ஓட்டிப் பார்த்துச் செய்யாதீர்கள். குன்னூரிலிருந்து பர்லியாறு வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும் 14 கொண்டை ஊசி வளைவிலும் முன் பிரேக்தான் உங்களைத் தாங்குகிறது, அந்தப் பாரம் முழுக்க இந்த இடங்களில்தான் விழுகிறது. கீழ்க்கால்கள் பல ஃபோர்க்குகளில் மக்னீசியம். பெயிண்ட் உப்பி, அடியில் வெள்ளை மாவு உதிர்ந்தால் அரிப்பு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

"லாக்அவுட் வேலை செய்யல, ஆனா மத்ததெல்லாம் நல்லாருக்கு. விடலாமா?"

விடலாம். லாக்அவுட் ஃபோர்க்கை அசையாமல் பூட்டுவதற்குத்தான், அது இல்லாவிட்டால் மலை ஏறும்போது கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். அமுங்கிய ஃபோர்க் எழும் வேகத்தை அடக்கும் ரீபவுண்ட் போயிருந்தால் விடக்கூடாது, ஃபோர்க் எறிகிற மாதிரித் துள்ளும். திறந்த குளியல் வகை என்றால் ஆயில் மாற்றினாலே பாதி சரியாகும். ஆயிலைத் தனிக் குழாயில் அடைத்துச் சீல் வைத்த கார்ட்ரிட்ஜ் என்றால் ஓ ரிங் மாற்றிப் பார்க்கலாம், ஆனால் பழைய ஜூடியின் கார்ட்ரிட்ஜ் ஒழுகுவது அது புதிதாக வந்த காலத்திலேயே ஊரறிந்த சங்கதி.

"26 இன்ச் சைக்கிளுக்குப் புது ஃபோர்க் எதுவும் பொருந்துமா?"

கடையில் இருப்பது பெரும்பாலும் பொருந்தாது. பழைய ஃப்ரேமுக்கு மேலிருந்து கீழ்வரை நேரான 28.6 மி.மீ. ஸ்டீரர் வேண்டும், இப்போது வருபவை கீழே பருத்தவை. வி பிரேக் குமிழ் இருக்காது. அச்சும் வேறாக இருக்கும். இவை மூன்றும் பொருந்தினாலும் நீளத்தைப் பாருங்கள். அச்சிலிருந்து கிரவுன் அடிவரை அளந்து, பழையதைவிட 20 மி.மீ. கூடினால் முன்பக்கக் கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி சாயும். ஏற்றத்தில் ஹேண்டில் அலையும், ஃப்ரேமின் கழுத்திலும் பாரம் கூடும்.

எனக்குப் பிடித்த மாற்று சஸ்பென்ஷனே இல்லாத இரும்பு ஃபோர்க். 80 மி.மீ. பழைய ஃபோர்க்குக்குப் பதிலாக 440 மி.மீ. சுற்றி நீளமுள்ளது போட்டால் சைக்கிளின் நடை மாறாது. தோட்டப் பாதைக்கு அகல டயரோடு அது போதும். போன வருஷம் ஒரு தம்பிக்கு அப்படி மாற்றிக் கொடுத்தேன். ஹட்டியிலிருந்து (படுகர் கிராமம்) கல்லூரிக்குத் தினமும் அதில்தான் போகிறான், இன்றுவரை ஒரு சர்வீஸுக்கும் வரவில்லை.

"வடிச்ச பழைய ஆயிலை என்ன பண்றது?"

சாக்கடையில் ஊற்ற வேண்டாம். இங்கே சாக்கடை என்பது கொஞ்ச தூரத்தில் ஓடை, இன்னும் கொஞ்சம் கீழே யாரோ ஒருவர் வீட்டுக் குடிநீர். மூடி போட்ட டின்னில் சேர்த்து வைத்து, எஞ்சின் ஆயில் மாற்றும் மெக்கானிக் கடையில் கொடுங்கள், அவர்களிடம் பீப்பாய் இருக்கும். என் டின் நிரம்ப எட்டு மாதம் ஆகிறது. கருப்பட்டிப் பாகு வந்த வருஷம் மட்டும் ஐந்து.